‘கண்ணியம்’ யாருடையது? முஸ்லிம் நாடுகளின் பிரகடனங்களைப் படிப்பது எப்படி

கேள்வி: எங்கள் கல்லூரியில் அடுத்த பருவத்தில் மாதிரி ஐ.நா. அவை நடத்தவிருக்கிறோம். என் மாணவர்கள் ஐந்து பேர், இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் நாடுகள் சார்பாக, அமைதி, மனித கண்ணியம், நாகரிகங்களுக்கிடையே உரையாடல் ஆகியவை குறித்து ஒரு வரைவுத் தீர்மானம் கொண்டுவர வேண்டும். பிரகடனங்கள் குவிந்து கிடக்கின்றன. எவற்றைப் படிப்பது, எதற்கு எவ்வளவு மதிப்பு உண்டு, “இதெல்லாம் வெறும் பேச்சு” என்று எதிரணி சொன்னால் என்ன பதில் தருவது?

பதில்: உங்கள் மூன்றாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அதற்கான பதிலைப் பொறுத்தே மாணவர்கள் எதைப் படிக்க வேண்டும் என்பதும் தீர்மானமாகும். எதிரணி சொல்வதை மறுக்க வேண்டாம். இந்த ஆவணங்களில் பெரும்பகுதி பேச்சுத்தான். ஆனால் எந்தப் பேச்சு செயலானது, எது ஆகவில்லை என்று பிரித்துக் காட்டத் தெரிந்த அணியிடம் அந்த வாதம் எடுபடாது. அப்படிப் பிரிக்க, எந்தப் பிரகடனத்தைக் கையில் எடுத்தாலும் இரண்டு விஷயங்களைப் பார்த்தால் போதும்: அதில் ‘கண்ணியம்’ என்று சொல்லப்படுவது யாருடைய கண்ணியம், சொன்னதைச் செய்ய வேண்டியவர் யார்.

முதலில் ஆவணங்களின் எடை. இந்த அமைப்பு, ஜெருசலேமின் அல்-அக்ஸா பள்ளிவாசலுக்கு 1969 ஆகஸ்ட் 21 அன்று தீ வைக்கப்பட்டதைத் தொடர்ந்து, அடுத்த மாதமே மொராக்கோவின் ரபாத் நகரில் கூடிய உச்சி மாநாட்டில் பிறந்தது. இன்று 57 நாடுகள் இதில் உறுப்பினர்கள். தலைமைச் செயலகம் ஜித்தாவில் இருக்கிறது. 2011-இல் அஸ்தானாவில் ‘இஸ்லாமிய மாநாட்டு அமைப்பு’ என்ற பழைய பெயரை மாற்றி இப்போதைய பெயரைச் சூட்டினார்கள்; பழைய ஆவணங்களைத் தேடும் மாணவர்கள் இரண்டு பெயர்களிலும் தேட வேண்டும். 1972-இல் ஏற்கப்பட்டு 2008-இல் டக்காரில் திருத்தப்பட்ட சாசனம், உறுப்பு நாடுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் உடன்படிக்கை என்ற தகுதியுடையது. உச்சி மாநாட்டுப் பிரகடனங்களும் வெளியுறவு அமைச்சர்கள் மன்றத்தின் தீர்மானங்களும் அரசியல் வாக்குறுதிகள். முடிவுகள் கருத்தொருமையில் எடுக்கப்படுகின்றன. அது கைகூடாவிட்டால் வந்திருந்து வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். ஒரு நாடு வாக்குறுதியை மீறினால் வழக்குத் தொடுக்கலாமா என்றால், அதற்கான நீதிமன்றமே இல்லை: சர்வதேச இஸ்லாமிய நீதிமன்றத்துக்கான சட்ட விதிகள் 1987-இல் குவைத் மாநாட்டில் ஏற்கப்பட்டும், போதிய நாடுகள் ஏற்புறுதி செய்யாததால் நடைமுறைக்கு வரவில்லை. ஆகவே உங்கள் மாணவர்கள் மேடையில் “ஏற்றுக்கொண்டிருக்கின்றன” என்று பேசலாம், “கட்டுப்பட்டிருக்கின்றன” என்று பேசக் கூடாது. ஐ.நா. பொதுச் சபைத் தீர்மானங்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

உங்கள் தலைப்பின் வேர் தெஹ்ரானில் இருக்கிறது. 1997 டிசம்பரில் அங்கே நடந்த எட்டாவது உச்சி மாநாட்டுக்குக் ‘கண்ணியம், உரையாடல், பங்கேற்பு’ என்பதே முழக்கமாக வைக்கப்பட்டது. ஈரானின் அதிபராக முகம்மது காத்தமி பொறுப்பேற்றுச் சில மாதங்களே ஆகியிருந்தன. ஒரே மாநாட்டின் தொடக்கத்தில் உயர்தலைவர் காமெனெயி மேற்குலகைக் கடுமையாகச் சாட, காத்தமி அதே மேற்குலகின் நாகரிகத்தை அறிந்து அதனோடு பேச வேண்டும் என்ற தொனியில் உரையாற்றினார். பிரகடனத்தை மட்டும் படிப்பவர்களுக்கு இந்த இரட்டைக் குரல் தெரியாது. ஈரானுக்காகப் பேசப்போகும் மாணவருக்கோ இது தெரிந்தே ஆக வேண்டும். அதைவிட முக்கியம், சவூதியின் அன்றைய பட்டத்து இளவரசர் அப்துல்லா அந்த மாநாட்டுக்கு நேரில் வந்தது. இரு நாடுகளின் உறவும் அதன்பின் சில ஆண்டுகள் இளகியிருந்தது. வந்து உட்கார்ந்ததே அங்கே நடந்த உரையாடல் என்று நான் சொல்வேன். பிரகடனத்தின் வரிகளுக்கு அது இரண்டாம் இடத்தையே தரும்.

மறு ஆண்டு காத்தமி இதே கருத்தை ஐ.நா. பொதுச் சபையில் வைத்தார். 1998 நவம்பர் 4 அன்று 53/22 என்ற தீர்மானம் வாக்கெடுப்பின்றி ஏற்கப்பட்டு, 2001-ஆம் ஆண்டு நாகரிகங்களுக்கிடையிலான உரையாடல் ஆண்டாக அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டு செப்டம்பரில் நடந்ததை யாருக்கும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. நவம்பரில் பொதுச் சபை உரையாடலுக்கான உலகச் செயல்திட்டத்தை ஏற்றபோது ஆப்கானிஸ்தானில் போர் நடந்துகொண்டிருந்தது. பின்னர் 2005-இல் ஸ்பெயினும் துருக்கியும் முன்மொழிந்த நாகரிகங்களின் கூட்டணி இந்தக் கருத்துக்கு ஐ.நா.வுக்குள் ஓர் அலுவலகத்தையும் உயர்நிலைப் பிரதிநிதியையும் பெற்றுத் தந்தது. 2007-இல் 138 அறிஞர்கள் கிறிஸ்தவத் தலைவர்களுக்கு எழுதிய திறந்த மடல், முஸ்லிம் நாடுகளில் வாழும் சிறுபான்மையினர் உரிமை குறித்த 2016-இன் மராக்கேஷ் பிரகடனம், போப் பிரான்சிஸும் எகிப்தின் அல்-அஸ்ஹர் சமய நிறுவனத்தின் தலைவர் அஹ்மத் அல்-தய்யிபும் 2019-இல் அபுதாபியில் கையெழுத்திட்ட மனித சகோதரத்துவ ஆவணம் ஆகியவை சமயத் தலைவர்களும் அறிஞர்களும் முன்னின்று வெளியிட்டவை. இவற்றை அரசுகளின் ஒப்பந்தங்கள் போல மேற்கோள் காட்டினால், விவரம் தெரிந்த நடுவர் மதிப்பெண்ணைக் குறைப்பார்.

இனி ‘கண்ணியம்’. இங்குதான் மாணவர்கள் பொறுமையாக உட்கார்ந்து படிக்க வேண்டும். அரபியில் ‘கராமா’ என்ற இந்தச் சொல்லுக்கு முஸ்லிம் நாடுகள் அடித்தளமாகக் காட்டுவது குர்ஆனின் 17-ஆம் அத்தியாயத்து 70-ஆம் வசனம்: ஆதமுடைய மக்களை நாம் கண்ணியப்படுத்தினோம் என்கிறது. நம்பிக்கையாளர்களை என்று சொல்லாமல், ஆதமுடைய மக்களை என்கிறது. 1990-இன் கெய்ரோ மனித உரிமைப் பிரகடனமும் மனிதர்கள் எல்லாரும் ஆதமின் வழிவந்த ஒரே குடும்பம், அடிப்படைக் கண்ணியத்தில் சமமானவர்கள் என்றே தொடங்குகிறது. ஆனால் அதன் 24-ஆம் உறுப்பு, பிரகடனத்தில் சொன்ன உரிமைகள் அனைத்தும் ஷரீஅத்துக்கு உட்பட்டவை என்று கூறி, முதல் உறுப்பு திறந்த கதவைப் பாதி சாத்திவிடுகிறது. விமர்சகர்கள் பல்லாண்டுகள் கைவைத்த இடம் அதுதான். 2020 நவம்பரில் நைஜர் தலைநகர் நியாமியில் கூடிய வெளியுறவு அமைச்சர்கள் இதன் திருத்திய வடிவத்தை ஏற்றார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உறுப்பு உறுப்பாக ஒப்பிடச் சொல்லுங்கள். ஒரு வார வீட்டுப்பாடத்துக்கு அது போதும்.

இதைவிடத் தெளிவான பாடம் ஐ.நா.வின் மனித உரிமை அமைப்பு கூடும் ஜெனீவாவில் கிடைக்கிறது. 1999 தொடங்கி இந்த நாடுகள், பெரும்பாலும் பாகிஸ்தான் வாயிலாக, ‘மதங்களை இழிவுபடுத்துதல்’ என்பதைக் கண்டிக்கும் தீர்மானங்களை ஆண்டுதோறும் கொண்டுவந்தன. அங்கே பாதுகாக்கப்பட வேண்டியது மதத்தின் கண்ணியம். மதத்துக்கு மானநட்டம் உண்டா, அதை யார் முடிவு செய்வது, சொந்த நாட்டுச் சிறுபான்மையினரையும் விமர்சகர்களையும் வாயடைக்க இது உதவாதா என்ற கேள்விகள் எழ, ஆதரவு தேய்ந்தது. 2010 மார்ச்சில் மனித உரிமைகள் பேரவையில் ஆதரவாக 20, எதிராக 17, நடுநிலையாக 8 என்ற அளவுக்கு அது இறங்கிவந்தது. இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் அப்போதைய பொதுச் செயலாளர் எக்மலத்தீன் இஹ்சானோக்லு வேறொரு பாதையை முன்வைத்தார். 2011 மார்ச் 24 அன்று, பழைய தீர்மானத்தின் இடத்தில், 16/18 என்ற தீர்மானம் வாக்கெடுப்பின்றியே நிறைவேறியது. அதன் நீண்ட தலைப்பைக் கரும்பலகையில் எழுதி, மதம் அல்லது நம்பிக்கையின் அடிப்படையில் ‘நபர்களுக்கு எதிராக’ என்று வரும் இடத்தைக் கோடிட்டுக் காட்டுங்கள். காப்பாற்றப்படுவது மதம் என்ற நிலை போய், மதத்தின் பெயரால் தாக்கப்படும் ஆளே காப்பாற்றப்பட வேண்டியவர் என்றானது. குற்றமாக்கச் சொல்வதும் ஒன்றையே: மத அடிப்படையில் உடனடி வன்முறைக்குத் தூண்டுவதை. அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்காவும் இந்த அமைப்பும் சேர்ந்து இஸ்தான்புல்லில் தொடர்கூட்டம் நடத்த முடிந்ததென்றால், இந்த ஒரு சொல் மாற்றமே காரணம். உங்கள் அணியின் வரைவில் ‘கண்ணியம்’ வரும் ஒவ்வொரு இடத்திலும் அது மனிதருடையதா, மதத்தினுடையதா, அரசினுடையதா என்று கேட்டுப் பாருங்கள். மூன்றையும் கலந்து எழுதிய வரைவு விவாதத்தில் நிற்காது.

அமைதிக்கு வருவோம். எதிரணி உடனே ஈரான்-ஈராக் போரை எடுத்துப்போடும், அதில் நியாயமும் உண்டு. இரண்டுமே உறுப்பு நாடுகள். 1981 உச்சி மாநாடு தலைவர்கள் அடங்கிய அமைதிக் குழுவை அமைத்தது. குழு தெஹ்ரானுக்கும் பாக்தாதுக்கும் நடந்தது, பயனில்லை. 1988-இல் போர் நின்றது பாதுகாப்புச் சபையின் 598-ஆம் தீர்மானத்தின் வழியாகத்தான். இதை ஒப்புக்கொண்டுவிட்டு, மாணவர்கள் தெற்குப் பிலிப்பைன்ஸின் மிந்தனாவோ தீவுக்குப் போக வேண்டும். பிலிப்பைன்ஸ் கத்தோலிக்கர் பெரும்பான்மையாக வாழும், இந்த அமைப்பில் உறுப்பினராக இல்லாத நாடு. அதன் தெற்கே முஸ்லிம் மோரோக்கள் தனிநாடு கேட்டுப் போரிட்டார்கள். அமைப்பின் நான்கு நாடுகள் கொண்ட குழு நடுவில் நின்று, 1976 டிசம்பர் 23 அன்று லிபியத் தலைநகர் திரிப்போலியில் ஓர் ஒப்பந்தத்தை உருவாக்கியது: 13 மாகாணங்களுக்குத் தன்னாட்சி, ஆனால் பிலிப்பைன்ஸின் இறையாண்மைக்கும் எல்லைக்கும் உட்பட்டு. தம் சமயத்தவர் கேட்ட தனிநாட்டை ஆதரிக்காமல், வேறு சமயப் பெரும்பான்மை நாட்டின் எல்லையை முஸ்லிம் நாடுகள் ஏற்றுக்கொண்டதை நாகரிகங்களுக்கிடையிலான உரையாடல் என்று தயங்காமல் சொல்லலாம். இத்தனைக்கும் அந்தச் சொற்றொடர் தெஹ்ரானில் முழங்கியது இருபதாண்டுகள் கழித்துத்தான்.

ஒப்பந்தம் உடைந்த இடமும் வரைவு எழுதுபவர்கள் பார்க்க வேண்டிய இடம். அதன் இறுதிப் பகுதியில் வரும் ஒரு பத்தி, நடைமுறைப்படுத்தத் தேவையான அரசமைப்பு நடைமுறைகள் அனைத்தையும் பிலிப்பைன்ஸ் அரசு மேற்கொள்ளும் என்றது. கேட்பதற்குச் சாதுவான வாசகம். அதிபர் மார்கோஸ் அதைப் பிடித்துக்கொண்டு 1977 ஏப்ரலில் பொதுவாக்கெடுப்பு நடத்த, மோரோ தேசிய விடுதலை முன்னணி அதை ஏற்க மறுக்க, மறுபடி துப்பாக்கி பேசியது. அதன்பின் அமைப்பின் ஆறு நாடுகள் குழுவுக்குத் தலைமை ஏற்ற இந்தோனேசியா பல சுற்றுகள் பேசி 1996 செப்டம்பர் 2 அன்று இறுதி ஒப்பந்தம் வரை கொண்டுசென்றது. பிரிந்து நின்ற இன்னொரு இயக்கத்தோடு 2014-இல் ஏற்பட்ட விரிவான ஒப்பந்தத்துக்கு மலேசியா தனி நாடாக உதவியது. 2019-இல் பாங்சமோரோ தன்னாட்சிப் பகுதி வாக்கெடுப்பில் உறுதியானது. திரிப்போலியிலிருந்து எண்ணினால் நாற்பது ஆண்டுகளுக்கும் மேல்.

ஈரான்-ஈராக்கில் முடியாதது மிந்தனாவோவில் ஏன் ஓரளவு முடிந்தது என்று நடுவர் கேட்டால், என் கணிப்பு இது: அங்கே நடுவர்களாக நின்ற நாடுகள் போரில் பங்காளிகளல்ல, பொறுப்பு பெயர் சொல்லப்பட்ட சில நாடுகளிடம் இருந்தது, பேச வேண்டிய எல்லையும் முன்கூட்டியே வரையப்பட்டிருந்தது. உறுப்பு நாடுகள் தங்களுக்குள் சண்டையிடும்போது இந்த அமைப்பு பெரும்பாலும் கைகட்டித்தான் நின்றிருக்கிறது. 2016-இல் முறிந்த ஈரான்-சவூதி உறவு 2023 மார்ச்சில் மீண்டபோதுகூட அறிவிப்பு வந்தது பெய்ஜிங்கிலிருந்து.

இன்னொன்று, இந்திய இருக்கையில் அமரும் அணியையும் எதிர்பார்த்திருங்கள். 1969-இல் ரபாத்துக்கு அழைப்பின்பேரில் சென்ற இந்தியக் குழு, பாகிஸ்தானின் எதிர்ப்பால் முழுமையாகக் கலந்துகொள்ள முடியாமல் திரும்பியது. 2019 மார்ச்சில் அபுதாபியில் சுஷ்மா சுவராஜ் சிறப்பு விருந்தினராகப் பேசினார். அன்று பாகிஸ்தான் அமைச்சர் வரவில்லை. 2022-இல் மார்ச் 15 இஸ்லாமிய வெறுப்பை எதிர்க்கும் நாளாகப் பொதுச் சபையில் அறிவிக்கப்பட்டபோது, அன்றைய இந்தியத் தூதர் டி.எஸ். திருமூர்த்தி, ஒரே ஒரு மதத்தின் மீதான வெறுப்பை மட்டும் தனித்துக் குறிப்பிடுவது சரியா, இந்து, பௌத்த, சீக்கிய சமயங்களின் மீதான வெறுப்பு என்ன ஆயிற்று என்று கேட்டார். 16/18-இன் ‘நபர்கள்’ என்ற சொல்லைக் கையில் வைத்திருக்கும் அணிக்கு இதற்குப் பதில் சொல்வது கடினமல்ல: அந்தச் சொல் எந்த மதத்தவரையும் வெளியே நிறுத்தவில்லை.

வரைவின் செயற்பத்திகளை, அதாவது என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லும் பத்திகளை, மூன்றுக்கு மேல் போக விடாதீர்கள். “உரையாடலை ஊக்குவிக்கிறது” போன்ற வரிகளை முன்னுரைக்குத் தள்ளிவிட்டு, செயற்பத்தியை இப்படித் தொடங்கச் சொல்லுங்கள்: “சச்சரவில் பங்கில்லாத நான்கு உறுப்பு நாடுகளைக் கொண்ட தொடர்புக்குழு ஒன்றை அமைக்கிறது, தொடர்புடைய நாட்டின் இறையாண்மைக்கும் எல்லைக்கும் உட்பட்டுப் பேச்சு நடத்தும்படி அக்குழுவைப் பணிக்கிறது, குழு ஆறு மாதங்களுக்கு ஒருமுறை எழுத்துமூல அறிக்கை தர வேண்டும் என முடிவு செய்கிறது.” நான்கு நாடுகளின் பெயர்களையும் எழுதிவிட்டு வரச் சொல்லுங்கள், அந்தப் பெயர்களுக்காகவே உங்கள் ஐவரும் முதல் அரைமணி நேரம் தங்களுக்குள் வாதிடுவார்கள்.