மாடிக் கடைக்கு ஆள் ஏறுமா?

கேள்வி: ஐந்து ரோடு பக்கம் புதிதாகக் கட்டும் காம்ப்ளெக்ஸில், முதல் மாடியில் ரெடிமேட் கடை போட இடம் பார்த்திருக்கிறோம். கீழ்க்கடை வாடகையில் பாதிதான் சொல்கிறார்கள். மாடிக்கு ஆள் ஏறுமா? அந்தக் காலத்தில் ஊருக்கு வெளியே மால் கட்டியவர்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள்?
- ஒரு வாசகி, அழகாபுரம், சேலம்

பதில்: பாதி வாடகை என்பதற்காகக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள், சகோதரி. 1923-ல் அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் திறந்த கன்ட்ரி கிளப் பிளாசா, காரில் வருபவர்களை நம்பிக் கட்டிய ஆரம்பகாலக் கடைத்தொகுதி. ஆனால் மாடிப் பிரச்சினைக்கு நல்ல விடை கண்டது, மினியாபொலிஸ் அருகே ஈடைனாவில் 1956 அக்டோபர் 8-ல் திறந்த சவுத்டேல் மால்தான். வியன்னாவில் பிறந்த விக்டர் குரூயன் வடிவமைத்தது. 72 கடைகள், இரண்டு தளங்கள்.

அவர் கார் நிறுத்துமிடத்தையே இரண்டு மட்டத்தில் அமைத்தார். மேல்மட்டத்தில் வண்டியை விட்டவர் படியேறாமலே மாடிக்குள் நுழைந்தார். அவருக்கு அதுதான் தரைத்தளம். நடுமுற்றத்தில் நகரும் படிக்கட்டு. முற்றத்தில் நின்றாலே இரண்டு தளத்துக் கடைகளும் கண்ணில் படும்.

உங்கள் காம்ப்ளெக்ஸில் டூவீலர் நிறுத்துமிடம் பேஸ்மென்ட்டிலா? அங்கிருந்து வரும் லிஃப்ட் உங்கள் மாடியில் நிற்குமா? நின்றால் பாதிக் கவலை தீர்ந்தது. கரண்ட் போனால் லிஃப்ட்டுக்கு ஜெனரேட்டர் உண்டு என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். படிக்கட்டு வாசலுக்கு நேரே தெரிய வேண்டும்; பின்பக்கம் ஒளிந்திருந்தால் யாரும் தேடி வரமாட்டார்கள். டேப் வைத்து அளந்து பாருங்கள்: ஒரு படி 15 செ.மீ. உயரம் என்றால் சுகமாக ஏறலாம், 19 செ.மீ. என்றால், கையில் பையோடு வரும் பெரியவர்கள் கீழேயே நின்றுவிடுவார்கள்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன், இதே மாதிரி ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு காம்ப்ளெக்ஸில் சனிக்கிழமை மாலை 6 மணிக்கு மேல் அரை மணி நேரம் நின்று, உள்ளே வருபவர்களில் எத்தனை பேர் மாடி ஏறுகிறார்கள் என்று எண்ணுங்கள். உங்களுக்கு மேல்தளத்தில் யார் வருகிறார்கள் என்றும் விசாரியுங்கள். டியூஷன் சென்டர் என்றால் கூட்டம் வரும், துணி வாங்காது. பெரிய ஹோட்டல் என்றால் குடும்பமாக வருவார்கள். அது உங்களுக்கு லாபம்.

கேள்வி: அந்த மால்களை ஏன் கூரை போட்டு முழுதாக மூடினார்கள்?
- ஒரு வாசகர், ஏற்காடு

பதில்: பனிதான் காரணம். சவுத்டேல் இருக்கும் மினசோட்டா மாநிலத்தில் குளிர்காலத்தில் பெரும்பாலும் உறைநிலைக்குக் கீழே, கோடையில் புழுக்கம். சவுத்டேலுக்குள் வருடம் முழுக்க 24 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்தார்கள். ஏற்காட்டுக்கு அது தேவையே இல்லை. மழைச்சாரல் படாத அகலமான தாழ்வாரம் இருந்தால் போதும். ஏசிக்கான மெயின்டனன்ஸ் பணமும் மிச்சம்.