லண்டன் மாப்பிள்ளையிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி

அன்புள்ள தங்கைக்கு,

திருச்சியிலிருந்து நீங்கள் கேட்டிருப்பது இது: நிச்சயதார்த்தம் முடிந்துவிட்டது, தை மாதம் கல்யாணம், மாப்பிள்ளைக்கு லண்டனில் கணினி வேலை. விசிட்டர் விசாவில் சீக்கிரம் வந்து, இங்கேயே பதிவுத் திருமணம் செய்து விசாவை மாற்றிக்கொள்ளலாமா? அல்லது பியான்சே (நிச்சயமானவர்) விசாவா, ஸ்பவுஸ் (துணைவர்) விசாவா, டிபென்டன்ட் (வேலை விசாவில் இருப்பவரைச் சார்ந்து வருபவர்) விசாவா? எது சுலபம், எது சீக்கிரம் கிடைக்கும்?

அவருடைய சம்பளம், வாடகை வீடு, கார் வரைக்கும் எழுதியிருக்கிறீர்கள். அவர் இந்த நாட்டில் எந்த விசாவில் இருக்கிறார் என்பதை மட்டும் எழுதவில்லை. உங்கள் கேள்விக்கான பதில் அதில்தான் இருக்கிறது. நான்கு விசாவையும் பரப்பி வைத்துப் பிடித்ததை எடுத்துக்கொள்கிற வாய்ப்பு பெரும்பாலும் யாருக்கும் இல்லை. அவருடைய நிலை என்ன என்று தெரிந்தால் மூன்று கதவுகள் தாமாகவே மூடிவிடும்.

‘ஆறு வருஷமாக அங்கே இருக்கிறார், நல்ல வேலை’ என்று தரகர் சொல்வது விசாவைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. ஆறு வருஷமாக இருப்பவர் இன்னும் வேலை விசாவிலேயே இருக்கலாம். நிரந்தரமாகத் தங்கும் அனுமதி, இங்கே எல்லோரும் சொல்கிற ஐ.எல்.ஆர்., வாங்கியிருக்கலாம். பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டே எடுத்திருக்கலாம். படிக்க வந்து, படிப்பு முடிந்து, கிராஜுவேட் விசாவில் வேலை பார்த்துக்கொண்டும் இருக்கலாம். இந்தக் கடைசி நிலைதான் எனக்குக் கவலை. கிராஜுவேட் விசாவில் இருப்பவர் புதிதாகக் கட்டிய மனைவியை அந்த விசாவில் அழைத்துவர முடியாது. மாணவராக இருந்தபோதே டிபென்டன்டாக வந்தவர்கள் மட்டும் தொடரலாம். 2024 ஜனவரி முதல் தொடங்கிய முதுகலைப் படிப்புகளில் சேர்ந்தவர்களுக்கு, ஆராய்ச்சிப் படிப்பு தவிர, அந்த வழியும் இல்லை. 2024 மார்ச் 11-க்குப் பிறகு முதியோர் பராமரிப்பு வேலைக்கு விசா வாங்கி வந்தவர்களும் துணைவரை அழைத்துவர முடியாது. 2025 ஜூலை 22-க்குப் பிறகு பட்டப்படிப்புத் தரத்துக்குக் கீழான வேலைகளுக்குப் புதிதாக வந்தவர்களுக்கும் இதே கதைதான். மண்டபத்துக்கு முன்பணம் கட்டும் முன் பெண் வீட்டார் ஜாதகத்தோடு இதையும் கேட்டு வாங்க வேண்டும். வெட்கப்பட ஒன்றுமில்லை. இப்போது அனுமதி எல்லாம் இ-விசா என்று இணையத்தில்தான் இருக்கிறது. அவர் தன் கணக்கைத் திறந்து விசாவின் பெயரையும் முடியும் தேதியையும் காட்ட ஐந்து நிமிடம் போதும். காட்டத் தயங்கினால் அதையும் ஒரு தகவலாக வைத்துக்கொள்ளுங்கள்.

விசிட்டர் விசா யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள். சாதாரண விசிட்டர் விசாவில் வந்து இங்கே கல்யாணம் செய்யக் கூடாது. அதற்காகப் பதிவு அலுவலகத்தில் நோட்டீஸ் கொடுக்கவும் கூடாது. கல்யாணத்துக்கென்றே மேரேஜ் விசிட்டர் விசா என்று ஒன்று உண்டு. ஆனால் கல்யாணம் முடிந்ததும் ஊருக்குத் திரும்பிவிட வேண்டும். விசிட்டராக உள்ளே வந்தவர் இங்கிருந்தபடியே ஸ்பவுஸ் விசாவுக்கு மாற விதியில் இடமில்லை. எனக்குத் தெரிந்த குடும்பத்துப் பெண் ஒருத்தி ‘சும்மா சுற்றிப் பார்க்க’ என்று வந்து இறங்கினாள். விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்தார்கள். மேலாகவே கூறைப்புடவையும் தாலிக்கொடியும் இருந்தன. நடுவில் பத்திரிகைக் கட்டு, அதில் லண்டன் மண்டபத்தின் முகவரி. அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிறகு எந்த விண்ணப்பம் போட்டாலும் அந்தச் சம்பவத்தை எழுத வேண்டியிருந்தது. விண்ணப்பத்தில் பொய் சொன்னதாக முடிவானால் பத்து வருஷத் தடை வரைக்கும் போகும்.

அவர் வேலை விசாவில், அதாவது ஸ்கில்டு ஒர்க்கராக இருந்தால், உங்களுக்கு உரியது டிபென்டன்ட் விசா. ஸ்பவுஸ் விசா என்ற பேச்சுக்கே இடமில்லை. அது பிரிட்டிஷ் அல்லது ஐரிஷ் குடிமக்கள், ஐ.எல்.ஆர். உள்ளவர்கள், அகதி அந்தஸ்து பெற்றவர்கள் போன்றோரின் துணைவருக்கானது. ஸ்பவுஸ் விசாவுக்குக் கேட்கிற, வருஷத்துக்கு 29,000 பவுண்ட் வருமானக் கணக்கு டிபென்டன்ட் வழியில் கிடையாது. உங்களுக்காக 285 பவுண்ட் 28 நாள் வங்கியில் இருந்தால் போதும், அல்லது அவருடைய கம்பெனி பொறுப்பேற்றுக்கொண்டாலும் சரி. கல்யாணம் முடிந்து சான்றிதழ் கையில் வந்த பிறகுதான் விண்ணப்பிக்க முடியும். நிச்சயம் மட்டும் ஆனவருக்கு இதில் இடமில்லை. வெளிநாட்டிலிருந்து விண்ணப்பித்தால் சாதாரணமாக மூன்று வாரத்தில் முடிவு சொல்லிவிடுகிறார்கள். வந்த நாளிலிருந்தே வேலைக்குப் போகலாம். விளையாட்டு வீரராக மட்டும் முடியாது, அது உங்களைப் பாதிக்காது என்று நினைக்கிறேன்.

செலவு, 2025 ஏப்ரல் கட்டணப்படி: விசாவுக்காக அவருடைய கம்பெனி கொடுத்த வேலைச் சான்று மூன்று வருஷத்துக்குள் என்றால் 769 பவுண்ட், அதற்கு மேல் 1,519. அதோடு இங்குள்ள அரசு மருத்துவச் சேவைக்கான மருத்துவக் கூடுதல் கட்டணம் வருஷத்துக்கு 1,035 பவுண்ட், மொத்தக் காலத்துக்கும் முன்கூட்டியே. ஊரில் பலரும் விசாக் கட்டணத்தை மட்டும் விசாரித்துக்கொண்டு வந்து இந்த இரண்டாவது தொகையைப் பார்த்துத்தான் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

அவர் ஐ.எல்.ஆர். வாங்கியவர் அல்லது பிரிட்டிஷ் குடிமகன் என்றால் ஸ்பவுஸ் விசா. கட்டணம், இந்தப் பத்தியில் எல்லாமே 2025 ஏப்ரல் நிலவரப்படி, 1,938. முதல் அனுமதி 33 மாதம் என்பதால் மூன்று வருஷத்துக்குரிய மருத்துவக் கட்டணம் 3,105. ஆக 5,043 பவுண்ட், ஆங்கிலத் தேர்வும் காசநோய்ப் பரிசோதனையும் தனி. முடிவுக்குப் பன்னிரண்டு வாரம் என்று சொல்கிறார்கள். பியான்சே விசாவும் இப்படிப்பட்டவர்களின் வருங்காலத் துணைவருக்குத்தான். அதிலும் 1,938 கட்டி வர வேண்டும், ஆறு மாதத்துக்குள் கல்யாணம் செய்ய வேண்டும், அதுவரை வேலைக்குப் போகக் கூடாது. பிறகு இங்கிருந்தபடி மாற 1,321 பவுண்டும் மருத்துவக் கட்டணம் 2,587.50 பவுண்டும் மறுபடி. நிரந்தர அனுமதிக்கான ஐந்து வருஷக் கணக்கில் அந்த ஆறு மாதம் சேராது. கல்யாணம் எப்படியும் திருச்சியில் என்றால் பியான்சே விசாவுக்கு ஏன் பணம் கட்ட வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. இங்கே கோயிலில் தாலி கட்டினால் சட்டப்படி கல்யாணமாகிவிடும் என்று நினைப்பவர்களும் உண்டு. திருமணத்துக்கென்று பதிவு பெற்ற இடமாக இல்லாவிட்டால் அது ஆகாது, பதிவு அலுவலகத்துக்கும் தனியாகப் போக வேண்டும்.

ஸ்பவுஸ் விசாவில் விண்ணப்பங்கள் அடிபடும் இடம் வருமானம். 2024 ஏப்ரல் 11 முதல் வருஷத்துக்கு 29,000 பவுண்ட். அதற்கு முன் 18,600 ஆக இருந்தது. ‘அவர் 40,000 வாங்குகிறார்’ என்றால் போதாது. ஒரே இடத்தில் ஆறு மாதமாக அந்தச் சம்பளம் வாங்கியதை ஆறு மாதச் சம்பளச் சீட்டும் வங்கிக் கணக்கும் வரிக்கு வரி ஒத்துக் காட்ட வேண்டும். சீட்டில் 2,417.36 என்றிருந்தால் வங்கியிலும் அதே 2,417.36 விழுந்திருக்க வேண்டும். நம் ஆட்கள் நடத்தும் சில கடைகளில் பாதி வங்கியில், பாதி கையில் என்று சம்பளம் கொடுப்பார்கள். அந்தக் கைப்பணத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். புது வேலைக்கு மாறி ஆறு மாதம் ஆகவில்லை என்றால் வேறு கணக்கு முறை இருக்கிறது, ஆனால் சிக்கலானது; முடிந்தால் ஆறு மாதம் பொறுப்பதே நல்லது. திருச்சியில் நீங்கள் வாங்கும் சம்பளம் சேராது. ஆனால் உங்கள் பெயரில் வீடு இருந்து வாடகை வந்தால், ஒழுங்கான ஒப்பந்தமும் வங்கி வரவும் இருந்தால், அது சேரும். இது பலருக்குத் தெரிவதில்லை. வருமானமே இல்லை, சேமிப்பை மட்டும் காட்டுவது என்றால் 88,500 பவுண்ட் ஆறு மாதம் அசையாமல் இருக்க வேண்டும். மாமனார் கடைசி வாரத்தில் போடும் பணத்தை ஏற்க மாட்டார்கள்.

இன்னொரு நிபந்தனை, பெரியவர்கள் பேசி முடிக்கும் கல்யாணங்களில் கவனிக்க வேண்டியது: இருவரும் நேரில் சந்தித்திருக்க வேண்டும். வீடியோ அழைப்பு சந்திப்பாகாது. பெண் பார்க்க அவர் வந்துபோன விமானச் சீட்டு, இரு வீட்டாரும் நிற்கிற நிச்சயதார்த்தப் படம், மண்டப ரசீது, அவர் அனுப்பிய பணத்தின் வங்கி வரவு, மாதத்துக்குச் சில பக்கம் அழைப்புப் பட்டியல் போதும். ஐந்நூறு படங்களைத் திணிப்பவர்கள் உண்டு. பார்க்கிறவருக்கு அதில் எதுவும் தெரியாது. பேச்சுகளின் பக்கங்களைத் தேதியோடு வையுங்கள், அந்தரங்கமானவற்றை வைக்க வேண்டாம்.

தமிழர்களுக்கென்றே வரும் தலைவலி பெயர். உங்கள் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக, திருமணச் சான்றிதழில் மறுபடியும் இனிஷியல், பத்திரிகையில் செல்லப் பெயர். இங்கே மேசையில் இருப்பவருக்கு இது மூன்று பெண்கள். திருமணப் பதிவின்போதே, பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே இருவர் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு கட்டாயம். கல்யாணத்துக்கு மறுவாரமே பதிவு அலுவலகத்துக்குப் போய்விடுங்கள், விருந்துக்கு அப்புறம் போகலாம். தமிழில் உள்ள எந்தத் தாளுக்கும் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும்.

ஆங்கிலத் தேர்வு ஸ்பவுஸ் விசாவுக்குப் பேசுவதும் கேட்பதும் மட்டும், ஏ1 நிலை. ஐ.இ.எல்.டி.எஸ். லைஃப் ஸ்கில்ஸ் என்றால் இன்னொரு தேர்வரோடு உட்கார்ந்து கால் மணி நேரத்துக்குச் சற்று மேல் பேச வேண்டும். பொறியியல் படித்த உங்களுக்கு அது விளையாட்டு. ஆங்கிலவழிப் பட்டத்தையே காட்டலாம், அதற்கு எக்டிஸ் என்ற அமைப்பின் சான்று வாங்க வேண்டும். டிபென்டன்டுக்கு 2025 நிலவரப்படி இந்தத் தேர்வு கேட்கவில்லை. ஆனால் 2025 மே மாத அரசு வெள்ளை அறிக்கை, அதாவது விதிகளை எப்படி மாற்றப்போகிறோம் என்று அரசு வெளியிட்ட திட்டம், அவர்களுக்கும் ஏ1 வேண்டும் என்கிறது. ஆகவே விண்ணப்பிக்கும் வாரத்தில் அரசின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். காசநோய்ப் பரிசோதனை இரண்டு விசாவுக்கும் உண்டு, அங்கீகரித்த மையத்தில் மட்டும். சான்று ஆறு மாதம்தான் செல்லும் என்பதால் முன்கூட்டி எடுத்து வைக்காதீர்கள்.

இப்போது உங்களுக்கு ஒருவேளை பொருந்தக்கூடிய முடிச்சு. அவர் வேலை விசாவில் நான்கு வருஷத்துக்கு மேல் இருந்து, ஐ.எல்.ஆர். நெருங்கிக்கொண்டிருந்தால் என்ன செய்வது? அவருக்கு ஐ.எல்.ஆர். கிடைப்பதற்கு முன்பே நீங்கள் டிபென்டன்டாக வந்துவிட்டால், அவர் ஐ.எல்.ஆர். ஆன பிறகும் அதே வழியில் தொடர்ந்து நீட்டித்துக்கொள்ளலாம். அவருக்குக் கிடைத்த பிறகு விண்ணப்பித்தால் அந்தக் கதவு சாத்திவிடும். நீங்கள் ஸ்பவுஸ் விசா, 29,000, 33 மாதம் என்று போக வேண்டும். ஒரு வழியில் கழித்த காலம் மற்ற வழியின் ஐந்து வருஷத்தில் சேராது. முன்பெல்லாம் நான் யோசிக்காமல் ‘முதலில் டிபென்டன்டாக வந்துவிடு’ என்று சொல்வேன், செலவும் குறைவு, காத்திருப்பும் குறைவு. இப்போது கொஞ்சம் தயங்குகிறேன். அதே வெள்ளை அறிக்கை வேலை வழியில் வந்தவர்களின் ஐந்து வருஷத்தைப் பத்தாக்க வேண்டும் என்கிறது. பிரிட்டிஷ் குடிமக்களின் துணைவருக்கு ஐந்து வருஷம் தொடரும் என்றும் சொல்கிறது. அவருடைய ஐ.எல்.ஆருக்கு இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தால், என் கருத்தில், டிபென்டன்டாகவே வாருங்கள். புதுக் கல்யாணம் ஆனவர்கள் ஒரு விதிமாற்றத்தை எதிர்பார்த்துப் பிரிந்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மூன்று நான்கு மாதம்தான் என்றால் இரண்டு வழிக்கும் தாளில் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அந்தக் கணக்கை வேறொருவரிடம் கேட்பதானால், விசா ஆலோசகர்களைப் பதிவு செய்யும் அமைப்பான இமிக்ரேஷன் அட்வைஸ் அத்தாரிட்டியின் பட்டியலில் பெயர் உள்ள ஆலோசகரிடமோ, சொலிசிட்டர் எனப்படும் வழக்கறிஞரிடமோ கேளுங்கள். பதிவில்லாமல் காசு வாங்கிக்கொண்டு விசா ஆலோசனை சொல்வது இங்கே குற்றம், ஆனாலும் லண்டன் ஈஸ்ட் ஹாமில் மளிகைக் கடைக்கு மேல்மாடியில் அப்படிப்பட்டவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

வேலையை ராஜினாமா செய்யலாமா என்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். விசா முடிவு வந்த பிறகு கொடுங்கள். கம்பெனியில் மூன்று மாத நோட்டீஸ் என்றால் அதை இப்போதே மேலாளரிடம் பேசி வையுங்கள். டிபென்டன்ட் முடிவு நோட்டீஸைவிட வேகமாக வந்துவிடும்.

அவருடைய விசாவின் பெயர், அது முடியும் தேதி, இப்போதைய வேலையில் சேர்ந்த மாதம், இந்த மூன்றையும் வாங்கி எழுதுங்கள். மேற்கொண்டு சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா