வசதி கூடுனா பிள்ளை குறையுறது ஏன்?

கேள்வி (வாசகி, காரைக்குடி): எங்க அப்பத்தா ஒம்போது பெத்து நாலைப் பறிகொடுத்தாங்க. அம்மாவுக்கு மூணு. எனக்கு ஒண்ணே ஒண்ணு. கையில காசு இருக்குறவங்கதானே நிறைய பெத்துக்கணும், ஏன் தலைகீழா நடக்குது?

பதில்: நாலு பிள்ளைய மண்ணுக்குக் குடுத்தவங்ககிட்ட போய் ரெண்டோட நிறுத்திக்கோங்கன்னு சொன்னா எப்படிங்க மனசு வரும்? வயசான காலத்துல கஞ்சி ஊத்த ஒண்ணாவது தங்கணுமேங்கிற பயம் அது. பெத்தது பொழைக்கும்னு நம்பிக்கை வந்த பிறகுதான் பெரும்பாலான நாடுகள்ல பிரசவம் குறைஞ்சிருக்கு. முதல்ல சாவு குறையும், பிறப்பு குறைய இன்னும் ஒண்ணு ரெண்டு தலைமுறை ஆகும், அந்த இடைவெளியிலதான் ஜனத்தொகை மளமளன்னு ஏறும். 1951ல 36 கோடியா இருந்த இந்தியா இன்னைக்கு 140 கோடியைத் தாண்டுனதுக்குக் காரணம் நம்ம ஜனங்க திடீர்னு நிறைய பெத்துக்கிட்டது இல்ல, அல்பாயுசுல போய்க்கிட்டிருந்தவங்க பொழைச்சுக்கிட்டதுதான், இது தெரியாம ஏழைங்களைத் திட்டுறதைக் கேட்டா எனக்கு ஆத்திரமா வரும்.

சாவு குறையறதுக்கு நாடு பணக்கார நாடா ஆகணும்னு கூட இல்ல. இலங்கையில 1946ல ஆயிரம் பேருக்கு சுமார் 20 சாவு, அடுத்த வருஷமே 14, டிடிடி மருந்தடிச்சு மலேரியாவை அடக்குனதுக்கு அதுல பெரிய பங்கு. அப்புறம் 1971, வங்கதேசப் போர் சமயம், மேற்கு வங்கத்துல போங்காவ் பக்கம் அகதி முகாம்ல காலரா. ஏத்துறதுக்கு சலைன் தீர்ந்துபோச்சு. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா மூணையும் தண்ணியில கலக்கி குழாய் வச்ச டிரம்ல ஊத்தி வச்சு, நோயாளிகளோட சொந்தக்காரங்களையே புடிச்சுக் குடுக்கச் சொன்னார், நூத்துக்கு 30 பேர் வரைக்கும் செத்துக்கிட்டிருந்தது நாலு பேருக்கும் கீழ இறங்குச்சு. இன்னைக்கு நாம வயித்துப்போக்குக்குக் குடுக்குற ஓஆர்எஸ் பாக்கெட் அதே சங்கதிதான்.

பிறப்பு குறையறதுக்கும் காசு மட்டும் காரணம் இல்ல. 1990கள் ஆரம்பத்துலயே தமிழ்நாட்டுல ஒரு பொண்ணுக்கு சராசரியா ரெண்டு பிள்ளைங்கிற நிலைக்குப் பக்கத்துல வந்தாச்சு, நம்மள விட அப்ப வசதியா இருந்த பஞ்சாப்ல மூணு. பொம்பளப் பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போனது, கல்யாண வயசு தள்ளிப்போனது, மதிய சாப்பாடு, கூப்பிடு தூரத்துல ஆரம்ப சுகாதார நிலையம், வீடு தேடி வந்த நர்ஸம்மா, இதெல்லாம் சேர்ந்து செஞ்ச வேலை அது. ஆனா அந்த பாரத்தை யார் சுமந்தாங்கன்னும் பாக்கணும். 2019-21 தேசிய குடும்ப நல கணக்கெடுப்புல நாடு முழுக்க கல்யாணமான பொண்ணுங்கள்ல 38 சதவீதம் பேர் கருத்தடை ஆபரேஷன் பண்ணியிருக்காங்க, ஆம்பளைங்க ஆபரேஷன் பண்ணிக்கிட்ட குடும்பம் 0.3 சதவீதம். ஆம்பளைக்கு அது ரொம்ப சின்ன ஆபரேஷன், அன்னைக்கே வீட்டுக்கு வந்துடலாம், இது பெரிய அநியாயம்.

கேள்வி (வாசகர், தூத்துக்குடி): கேரளாவுல பீகாரை விட சாவு விகிதம் அதிகம்னு படிச்சேன். அவ்வளவு ஆஸ்பத்திரி வச்சுக்கிட்டு எப்படி?

பதில்: படிச்சது சரிதான். 2020 கணக்குல ஆயிரம் பேருக்கு கேரளாவுல 7, பீகார்ல 5.4. கேரளாவுல வயசானவங்க நிறைய, பீகார்ல சின்ன வயசுக்காரங்க நிறைய, அவ்வளவுதான் விஷயம். நிஜமா எந்த ஊர் எப்படி இருக்குன்னு தெரிஞ்சுக்கணும்னா ஒரு வயசு முடியறதுக்குள்ள சாகுற குழந்தைங்க கணக்கைப் பாருங்க: அதே வருஷம் ஆயிரம் பிறப்புக்கு கேரளாவுல 6, பீகார்ல 27.

கேள்வி (வாசகர், திருப்பூர்): இப்ப நிறைய பெத்துக்கோங்கன்னு தலைவர்களே பேசுறாங்களே, காசு குடுத்தா பெத்துக்குவாங்களா?

பதில்: தென்கொரியா குடுத்துப் பாத்துடுச்சு. 1960ல ஒரு பொண்ணுக்கு ஆறு பிள்ளை, 2023ல 0.72. பல வருஷமா அரசாங்கம் பணத்தைக் கொட்டியும் பழைய நிலைக்கு வரல, ஏன்னா வீட்டு விலை, டியூஷன் செலவு, ராத்திரி வரைக்கும் ஆபீஸ், வீட்டுக்கு வந்தா சமையலும் பிள்ளையும் பொண்ணு தலையிலயே. நம்ம ஊர்ல 2017ல மகப்பேறு சட்டத்தைத் திருத்துனதுல இருந்து 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற இடத்துல கிரெச், அதாவது வேலை நேரத்துல பிள்ளைங்களைப் பாத்துக்குற வசதி, இருந்தே ஆகணும். திருப்பூர்லதான் இருக்கீங்க, உங்க கம்பெனியில அது இல்லைன்னா நாலு பேரா சேர்ந்து எழுத்துல கேளுங்க.