கேளுங்கள், சொல்கிறேன்: வெண்டிக்காய்க்குள் ஒரு பூ

கேள்வி: திருகோணமலை உவர்மலையில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். கனடாவில் வசிக்கும் என் அக்கா, இலையுதிர் காலத்துக்கான கைவேலைப் புத்தகம் ஒன்றை அனுப்பியிருக்கிறார். அப்பிளைப் பாதியாக வெட்டிச் சிவப்புச் சாயத்தில் தோய்த்துத் தாளில் அச்சுக் குத்த வேண்டுமாம். ஐப்பசி மழையில் குடை பிடித்து வரும் எங்கள் பிள்ளைகளுக்கு இதை எப்படிச் செய்து காட்டுவது? வகுப்பில் மூன்று முதல் ஐந்து வயதுவரை 18 பேர் இருக்கிறார்கள்.

பதில்: 18 அப்பிள் வாங்க வேண்டாம், மகளே. ஒன்றே ஒன்று போதும். அதைக் காம்பிலிருந்து கீழ்நோக்கிப் பிளக்காமல், நடுவில் குறுக்காக வெட்டுங்கள். உள்ளே ஐந்து முனை நட்சத்திரம் தெரியும். விதைகள் படுத்திருக்கும் ஐந்து அறைகள் அவை. பிள்ளைகள் எல்லாரும் பார்த்து முடிந்ததும் துண்டு போட்டுத் தின்னக் கொடுத்துவிடுங்கள். அச்சுக் குத்த நம் சந்தைக் கூடையில் இருப்பதே போதும்.

இலையுதிர் காலத்தையும் மறைக்காமல் சொல்லிக்கொடுங்கள். கனடாவில் செப்டெம்பர் முதல் நவம்பர்வரை பகல் குறுகிக் குளிர் ஏறுகிறது. இலையின் பச்சை நிறம் சிதைந்து போக, அதுவரை அடியில் மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. அப்பிள் பழுப்பதும் அந்த நாட்களில்தான். நமக்கு அந்த மாதங்கள் முடியும் முன்பே மாரி வந்துவிடுகிறது. ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் என்று சொன்னார்கள் நம் முன்னோர். அந்தச் சொல்லையும் பிள்ளைகளின் காதில் போட்டு வையுங்கள். சிவந்து உதிரும் இலைதான் வேண்டுமென்றால் நாட்டு வாதுமை இருக்கிறதே! நான் படிப்பித்த முன்பள்ளியின் முற்றத்தில் ஒன்று நின்றது. அது இலை கொட்டும் நாட்களில் பாடத்தை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளோடு பொறுக்கப் போய்விடுவேன்.

இனி அச்சுக்கு வருவோம். வெண்டிக்காயின் தலைப்பக்கத்தை வெட்டினால், காம்பே கைப்பிடியாகிவிடும். மூன்று வயதுப் பிள்ளையும் பிடித்துக் குத்தலாம். ஐந்து இதழ்ப் பூப் போல விழும். தேசிக்காயைக் குறுக்கே வெட்டினால் சில்லு. பப்பாசி இலையின் தண்டு உள்ளே குழலாக இருப்பதால் வட்டம் வட்டமாக வரும். ஆனால் வெட்டியதும் கசியும் பாலைத் துடைத்துக் கழுவிவிட்டே கையில் கொடுங்கள், தோல் அரிக்கும். மரமுந்திரிகைக் கொட்டையை வகுப்புக்குள்ளேயே கொண்டுவராதீர்கள், அதன் பால் தோலைப் புண்ணாக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது வாழைமட்டை. குறுக்கே வெட்டிப் பாருங்கள்: பிறை வடிவம், அதற்குள் தேன்கூடு போலச் சின்னச் சின்ன அறைகள். கடற்றொழிலாளர் வீட்டுப் பையன் ஒருவன், நாலு வயது, வகுப்பில் வாய் திறக்காதவன், அந்தப் பிறைகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வரிசையாகக் குத்திக்கொண்டே போனான். நான் மழைமேகம் என்று நினைத்து நின்றேன். கடைசியில் விரலால் ஒரு கண்ணை வைத்துவிட்டு, "விளைமீன், டீச்சர்" என்றான். செதில்கள்! அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

வெட்டிய பக்கத்தைப் பழைய பத்திரிகைத் தாளில் அரைமணி நேரம் கவிழ்த்து வையுங்கள். ஈரத்தோடு குத்தினால் சாயம் வழுக்கி, உருவம் கலைந்துவிடும். சாயத்தைத் தட்டில் ஊற்றாமல், மடித்த ஈரத்துணியில் ஊறவிட்டு அதில் ஒற்றி எடுக்கச் சொல்லுங்கள். "அழுத்து, தூக்கு" என்று இரண்டே சொற்களில் சொன்னால் போதும். சிறியவர்கள் தேய்ப்பார்கள், தேய்க்கட்டும். ஆண்டிறுதிக் கண்காட்சிக்கு அழகாக இருக்க வேண்டுமென்று அவர்கள் கையைப் பிடித்து நீங்கள் குத்தாதீர்கள். தொடக்க காலத்தில் நானும் அதைச் செய்தவள்தான். சுவர் நிறைய ஒரே மாதிரிப் பூக்கள் தொங்கின. தன்னுடையது எது என்று ஒரு பிள்ளைக்கும் தெரியவில்லை.

கேள்வி: கடையில் விற்கும் சாயம் விலை கூடியது. பிள்ளை வாயில் வைத்துவிடுமோ என்ற பயமும் இருக்கிறது. வேறு வழி உண்டா? (ஒரு தாய், நிலாவெளி)

பதில்: மஞ்சள் தூளைத் தண்ணீரில் கரைத்து வெள்ளைத் தாள் முழுவதும் பூசிக் காயவிடுங்கள். குளிக்கும் சவர்க்காரத்தைச் சிறிது தண்ணீரில் குழைத்து, வெண்டிக்காயை அதில் ஒற்றி மஞ்சள் தாளில் குத்துங்கள். குத்திய இடம் செங்கபிலமாக மாறும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் ஆலத்தி சிவக்கிறதல்லவா, அதே காரணம்தான்: காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். சுண்ணாம்பு கண்ணுக்கு ஆபத்து, சவர்க்காரமே போதும். அந்தக் கை கண்ணுக்குப் போகாமல் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளுங்கள், முடிந்ததும் கழுவிவிடுங்கள். பிறகு தேசிப்புளியில் ஒரு சொட்டு விட்டால் மீண்டும் மஞ்சளாகும். பிள்ளைகள் இதைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். இளஞ்சிவப்பு வேண்டுமானால் பீட்ரூட்டைத் துருவிப் பிழியுங்கள்; நாளாக நாளாக நிறம் மங்கும்.

கேள்வி: சாப்பிடும் பொருளை இப்படிச் சாயத்தில் தோய்ப்பது சரியா? மனம் ஒப்பவில்லை. (ஒரு பாட்டி, தம்பலகாமம்)

பதில்: உங்கள் மனம் சரியாகத்தான் சொல்கிறது, அம்மா. 2022இல் ஒரு நேரச் சோற்றுக்கு நாம் பட்ட பாட்டை அதற்குள் மறக்க முடியுமா? அதனால்தான் முற்றி நார் ஏறிய வெண்டிக்காய், சாறு பிழிந்த தேசிக்காய் மூடி, வாழைமட்டை, பப்பாசித் தண்டு என்று கறிக்கு உதவாதவற்றையே நான் எடுக்கிறேன். சந்தையில் மாலையில் கேட்டால் முற்றல் காய்களைச் சும்மாவே தருவார்கள். நல்ல பழம் வந்தால் அது வயிற்றுக்கு.

கேள்வி: மாரியில் தாள் காய்வதே இல்லை, ஒன்றோடொன்று ஒட்டிவிடுகிறது. என்ன செய்யலாம்? (முன்பள்ளி உதவியாளர், கிண்ணியா)

பதில்: அடுக்கி வைக்காதீர்கள். வகுப்பறைக்குள் கயிறு கட்டி, உடுப்புக் கொழுவும் கிளிப்பால் ஒவ்வொன்றாகத் தொங்கவிடுங்கள். மெல்லிய தாளைவிடப் பழைய நாட்காட்டி அட்டையின் பின்பக்கம் நல்லது, சுருளாது. பிள்ளையின் பெயரைக் குத்தத் தொடங்கும் முன்பே பென்சிலால் பின்னால் எழுதிவிடுங்கள்.