அஞ்சலில் வளர்ந்த பத்துப் பாடல்கள்

வாசகர் கேள்வி – பதில்

(இருவர் மட்டுமே சேர்ந்து உருவாக்கும் இசை பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, அமெரிக்காவின் ‘தி போஸ்டல் சர்வீஸ்’ இரட்டையரையும் அவர்களுடைய முதல் ஆல்பமான ‘கிவ் அப்’பையும் ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்திருந்தேன். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பற்றியவை.)

திருநெல்வேலி வாசகர்: இசைக்குழுவுக்குப் போய் ‘தபால் சேவை’ என்று யாராவது பெயர் வைப்பார்களா? இவர்கள் யார்?

தொழிலுக்கேற்ற பெயர்தான், ஐயா. இருவரில் ஒருவர் ஜிம்மி டாம்போரெல்லோ. லாஸ் ஏஞ்சல்ஸ்காரரான இவர், ‘டிஎன்டெல்’ என்ற பெயரில் கணினியிலும் சிந்தசைசரிலும் தனியாக இசை அமைத்துவந்தார். மற்றவர் பென் கிப்பார்ட். சியாட்டில் பக்கத்து கிதார் குழுவான ‘டெத் கேப் ஃபார் கியூட்டி’யின் பாடகரும் பாடலாசிரியரும் இவரே. 2001-இல் வெளிவந்த டிஎன்டெல் ஆல்பத்தில் கிப்பார்ட் ஒரு பாட்டைப் பாடிக்கொடுத்தார். அது நன்றாக அமைந்துவிடவே, முழு ஆல்பமே செய்து பார்க்கலாம் என்று இருவருக்கும் தோன்றியிருக்கிறது. ஆனால் இரு ஊர்களுக்கும் இடையே ஏறத்தாழ 1,800 கிலோமீட்டர் தூரம்; அவரவருக்கு அவரவர் வேலை வேறு. ஆகவே டாம்போரெல்லோ தாம் செய்த வாத்திய இசையைச் சிறிய டிஜிட்டல் நாடாவில் பதிந்து அஞ்சலில் அனுப்புவார். கிப்பார்ட் அதை வெட்டி ஒட்டி, குரலையும் சில இடங்களில் கிதாரையும் சேர்த்துத் திருப்பி அனுப்புவார். இப்படிப் போய்வந்த உறைகளில் உருவான பத்துப் பாடல்களை, சியாட்டிலின் சுயாதீன இசை நிறுவனமான ‘சப் பாப்’ 2003 பிப்ரவரியில் வெளியிட்டது.

ஈரோடு வாசகி: மெட்டுப் போட்டுக் கொடுத்தால் பாட்டு எழுதுவது நம் திரையுலகில் அன்றாடம் நடப்பதாயிற்றே. இதில் என்ன புதுமை?

நியாயமான கேள்வி. ஆனால் டாம்போரெல்லோ அனுப்பியது மெட்டு அல்ல என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. தாளம், அதன்மேல் ஓரிரு சுரக்கோவைகள், நடுநடுவே ஏதோ கோளாறு ஏற்பட்டதுபோல் ஒலிக்கும் சிறு சிறு வெட்டுச் சத்தங்கள்: இவ்வளவுதான் உறைக்குள் இருக்கும். எங்கே பல்லவி, எங்கே சரணம், எந்த இடத்தில் மூச்சு விட வேண்டும் என்று எதுவும் குறித்திருக்காது. மெட்டையும் சொல்லையும் சேர்த்தே கண்டுபிடிக்கும் பொறுப்பு பாடகருடையது. ஒரே அறையில் இருவரும் உட்கார்ந்திருந்தால், பாடகர் இரண்டு வரி முனகுவதற்குள் ‘இது சரிவரவில்லையே’ என்று மற்றவர் முகம் சுளித்திருக்கக்கூடும். அஞ்சலில் அந்த முகச்சுளிப்புக்கு இடமில்லை. பதில் வரும்வரை நாடா உங்களுடையது. இந்த ஆல்பத்தில் வாத்தியங்களும் குரலும் ஒன்றையொன்று இடைமறிக்காமல் செல்வதற்கு அந்தக் காத்திருப்பே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். (நேரில் சேர்ந்து வேலை செய்த நாட்களும் உண்டு, எல்லாமே தபாலில்தான் நடந்தது என்று சொல்வது கதைக்கு மெருகேற்றும் வேலை.)

சேலம் வாசகர்: இயந்திரத்தில் பிறக்கும் இசையில் உயிர் இருக்காது என்பது என் கட்சி. என்னை மாற்ற முடியுமா?

உங்கள் கட்சியை மாற்றுவது என் வேலையல்ல. இரண்டு பாடல்களை மட்டும் சொல்கிறேன், கேட்டுவிட்டு எழுதுங்கள்.

முதல் பாடல் ‘தி டிஸ்ட்ரிக்ட் ஸ்லீப்ஸ் அலோன் டுநைட்’. தன்னை விட்டு வாஷிங்டனுக்குக் குடிபெயர்ந்துவிட்ட பெண்ணைப் பார்க்கப் போகிறான் ஒருவன். அவளுடைய புதிய நண்பர்கள் நடுவே தான் வெறும் விருந்தாளி என்பதை, பெரிய எழுத்தில் அச்சிட்டு மார்பில் ஒட்டிக்கொள்ளும் பார்வையாளர் வில்லையாகச் சொல்கிறான். பெரிய அலுவலகங்களின் வாசலில் நமக்கும் ஒட்டிவிடுகிறார்களே, அதே வில்லைதான். பிரிவைப் பாடுகிற எவரும் நிலவையும் மழையையும் தேடிப் போகும் இடத்தில், இவர் ஒரு ஸ்டிக்கரோடு நிறுத்திக்கொள்கிறார். கீழே ஆர்மோனியம்போல் நீண்டு ஒலிக்கும் சிந்தசைசர் மெல்ல விலக, பாட்டின் பின்பாதியில் தாளம் அடுக்கடுக்காக ஏறுகிறது. பாடுபவரோ குரலை உயர்த்துவதே இல்லை. இயந்திரம் பதற, மனிதர் அடங்கியிருக்கிறார். நீங்கள் உயிர் என்று சொல்வது இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

இன்னொன்று ‘நத்திங் பெட்டர்’. ஆண் தன்னை மணந்துகொள்ளும்படி மன்றாடுகிறான். இடையில் பாட வரும் ஜென் வுட்டின் குரல் அழவுமில்லை, கோபப்படவுமில்லை. தான் ஏன் விலகுகிறேன் என்பதை விளக்க வரைபடங்களும் ஒரு சொற்பொழிவும் தயாரித்து வைத்திருப்பதாகச் சொல்கிறது! காதலனுக்கு நடத்தப்படும் அலுவலகக் கூட்டம்போல இருக்கிறது. முதல்முறை கேட்டபோது சிரித்தேன், இரண்டாம் முறை சிரிப்பு வரவில்லை.

எல்லாமே தேறிவிட்டன என்று சொல்ல மாட்டேன். நடுவில் ஆல்பம் சற்றுத் தளர்கிறது; ‘திஸ் ப்ளேஸ் இஸ் எ பிரிசன்’ எனக்கு இன்றுவரை ஒட்டவில்லை. அணு ஆயுதப் பேரழிவுக்குத் தப்பி ஒளிந்திருப்பவனைப் பற்றிய ‘வி வில் பிகம் சிலூயட்ஸ்’ பாடலை, பள்ளி ஆண்டு விழாவில் பாடலாம் போன்ற குதூகலமான மெட்டில் அமைத்திருப்பது துணிச்சலா குறும்பா என்று என்னால் முடிவு செய்ய இயலவில்லை.

மதுரை வாசகர்: அமெரிக்க அஞ்சல் துறை இவர்கள்மீது வழக்குத் தொடுத்ததாகக் கேள்விப்பட்டேன், உண்மையா?

வழக்கு வரை போகவில்லை. 2003 ஆகஸ்டில், அந்தப் பெயர் தங்கள் வணிகமுத்திரை என்றும் அதைப் பயன்படுத்துவதை நிறுத்த வேண்டும் என்றும் துறையிடமிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பிறகு நடந்த பேச்சில், கட்டணமில்லாமல் பெயரைப் பயன்படுத்திக்கொள்ள உரிமை கிடைத்தது. பதிலுக்கு, கடிதப் போக்குவரத்துக்குக் குழு விளம்பரம் தேடித்தர வேண்டும் என்று ஏற்பாடு. துறையின் இணையக் கடையிலேயே ‘கிவ் அப்’ குறுந்தகடு விற்பனைக்கு வந்தது. 2004 நவம்பரில் வாஷிங்டனில் கூடிய அஞ்சல் துறை உயரதிகாரிகள் மாநாட்டில் இவர்கள் கச்சேரி செய்வதாகவும் முடிவாயிற்று. மின்னஞ்சலால் கடிதங்கள் குறைந்துகொண்டிருந்த காலம் அது. தங்கள் உறைகளை நம்பி ஓர் ஆல்பம் செய்த இளைஞர்களைத் துரத்துவதைவிட அணைத்துக்கொள்வதே லாபம் என்று யாரோ ஒரு புத்திசாலி அதிகாரிக்கு உறைத்திருக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், சில ஆண்டுகள் கழித்து இதே ஆல்பத்தின் ‘சச் கிரேட் ஹைட்ஸ்’ இசையைத் தன் விளம்பரப் படங்களில் பயன்படுத்தியது, அஞ்சல் துறைக்குப் போட்டியான யுபிஎஸ் கூரியர் நிறுவனம்.

புதுச்சேரி வாசகி: இரண்டாவது ஆல்பம் ஏன் வரவில்லை? முதலாவது விற்கவில்லையா?

விற்பனைக்குக் குறைவில்லை, அம்மா. வெளிவந்த வேகத்தில் உச்சிக்கு ஏறாமல், ஆண்டுக்கணக்கில் நின்று விற்று, 2012-இல் பத்து லட்சம் பிரதிகளைக் கடந்து பிளாட்டினம் தகுதி பெற்றது. சப் பாபின் பட்டியலில் இதைவிட அதிகம் விற்றது நிர்வாணா குழுவின் முதல் ஆல்பமான ‘ப்ளீச்’ ஒன்றுதான். அதே 2003-இல் கிப்பார்ட்டின் சொந்தக் குழு வெளியிட்ட ‘டிரான்ஸ்அட்லாண்டிசிசம்’ ஆல்பமும் பெயர் பெற்றுவிட்டது. அதன் பிறகு அவருக்கு நேரமில்லை, டாம்போரெல்லோவுக்கும் வேறு வேலைகள் இருந்தன. 2013-இல் இரண்டு புதிய பாடல்களைச் சேர்த்து மறுபதிப்பு வந்தது, அதையொட்டிச் சுற்றுப்பயணமும் நடந்தது. 2023-இல் இரண்டு ஆல்பங்களுக்கும் இருபது வயது நிறைந்ததையொட்டி இரு குழுக்களும் ஒரே மேடையில் அடுத்தடுத்து வாசித்தன. கிப்பார்ட் இரண்டிலும் பாடினார். இரண்டாவது ஆல்பம் மட்டும் வரவில்லை. எனக்கு அதில் வருத்தமில்லை.

நாகர்கோவில் வாசகர்: கேட்பதென்றால் எந்தப் பாட்டில் தொடங்கலாம்?

‘சச் கிரேட் ஹைட்ஸ்’. ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேளுங்கள். தொடக்கத்தில் வரும் சிறு ஒலித்துளிகள் இடக்காதுக்கும் வலக்காதுக்கும் மாறி மாறித் தாவும். கைப்பேசியின் ஒற்றை ஸ்பீக்கரில் அந்தத் தாவல் கிடைக்காது.