கேள்வி-பதில்: கூகுள் இருக்கும்போது அது எதற்கு?

கேள்வி: வலைப்பதிவுகள் பெருகிய காலத்தில், அவற்றை மட்டும் தேடித் தர டெக்னோரட்டி மாதிரித் தனித் தேடுபொறிகள் இருந்தன என்று படித்தேன். கூகுள் இருக்கும்போது இவை எதற்கு? வெறும் ஆரவாரம்தானே?
- ஒரு வாசகர்

பதில்: இன்றைய கூகுளைத் தூக்கிக்கொண்டு போய் 2002-இல் வைத்துவிட்டுக் கேட்கிறீர்கள். அன்றைய கூகுள் தன் முதன்மை அட்டவணையை, அதாவது தேடும்போது அது புரட்டிப் பார்க்கும் பக்கங்களின் பட்டியலை, ஏறத்தாழ மாதம் ஒருமுறைதான் புதுப்பித்தது. அந்த நாட்களில் முடிவுகள் மேலும் கீழும் ஆடும். இணையதளக்காரர்கள் அதற்குக் ‘கூகுள் நடனம்’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். பதிவுலகமோ காலையில் ஒருவர் எழுத, மதியம் இன்னொருவர் மறுக்க, இரவு மூன்றாமவர் இருவரையும் கிண்டலடிக்க என்று ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த மாதம் வந்து எட்டிப் பார்ப்பவருக்குச் சாம்பல்தான் மிஞ்சும்.

1997-இல் ஜார்ன் பார்கர் என்ற பதிவர் ‘வெப்லாக்’ என்ற சொல்லை உருவாக்கியபோது, பக்கத்தைக் கையால் வடிவமைத்துச் சர்வரில் ஏற்றத் தெரிந்த சிலரின் பொழுதுபோக்காகத்தான் வலைப்பதிவு இருந்தது. 1999-இல் பிளாக்கர் என்ற பதிவுச் சேவை வந்தது. பெட்டியில் தட்டச்சு செய்து பொத்தானை அமுக்கினால் போதும், இடுகை உலகத்தின் முன்னால் நிற்கும். எழுத வந்தவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். சரி, இத்தனை பேர் எழுதினால் யார் எங்கே என்ன சொல்கிறார் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

டேவிட் சிஃப்ரி 2002 நவம்பரில் டெக்னோரட்டியைத் தொடங்கியதற்குக் காரணமே இந்த அரிப்புதான். தன்னைப் பற்றியும் தனக்குப் பிடித்த விஷயங்களைப் பற்றியும் யார் பேசுகிறார்கள் என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. (தற்பெருமையால் பிறந்த நல்ல கருவிகள் உலகில் நிறையவே உண்டு.) அது வேலை செய்த விதம் எனக்கு இன்றும் பிடிக்கும். சாதாரணத் தேடுபொறி வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டும். இங்கே பதிவே கூப்பிட்டுச் சொல்லும். இடுகையை வெளியிட்ட நொடியில் பதிவு மென்பொருள் ஒரு பொதுச் சர்வருக்குப் ‘பிங்’ என்ற சிறு அறிவிப்பை அனுப்பும். தேடுபொறி அதைப் பார்த்து உடனே வந்து எடுத்துக்கொள்ளும். முடிவுகளில் புதியது முதலில் நிற்கும். உங்கள் பதிவின் முகவரியைக் கொடுத்தால், அதற்குச் சுட்டி (லிங்க்) கொடுத்தவர்களை வரிசையாகக் காட்டும். யார் யாருக்குப் பதில் சொன்னார் என்ற நூல் அதில் அறுபடாமல் கிடைத்தது.

2004 செப்டம்பரில் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி, அன்றைய அதிபர் ஜார்ஜ் புஷ்ஷின் ராணுவச் சேவை பற்றி, 1970-களில் எழுதப்பட்டவை என்று சில ஆவணங்களைக் காட்டியது. மறுநாளே பதிவர்கள் அந்த எழுத்துருவும் இடைவெளியும் 1970-களின் தட்டச்சுப்பொறியில் வருமா என்று கேட்டுக் குடையத் தொடங்கிவிட்டார்கள். இரண்டு வாரத்துக்குள் அந்தச் செய்தியை வழங்கிய டான் ராதர் திரையில் மன்னிப்புக் கேட்டார். அந்த ஆண்டின் சொல்லாக மெரியம்-வெப்ஸ்டர் அகராதி, ‘வெப்லாக்’ சுருங்கிய ‘பிளாக்’ என்பதைத் தேர்ந்தெடுத்தது. அப்படி ஒரு விவாதத்தை நடக்கும்போதே பின்தொடர மாதாந்திர அட்டவணை எதற்கு உதவும்? போதும் என்று நீங்கள் சொல்கிற கூகுளுக்கே அது போதவில்லை. 2003-இல் பிளாக்கரை வாங்கியிருந்த அந்த நிறுவனம், 2005 செப்டம்பரில் பதிவுகளுக்கென்று தனித் தேடலையே திறந்தது.

ஆரவாரமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. டெக்னோரட்டி முதல் நூறு பதிவுகள் என்று பட்டியல் போட்டது, சுட்டிகளை எண்ணி ‘அதிகாரம்’ என்று மதிப்பெண் கொடுத்தது. அப்புறம் என்ன, சுட்டி கேட்டு நச்சரிப்பது ஒரு கலையாகவே வளர்ந்தது. பிங் இலவசம் என்பதால், இயந்திரம் எழுதிய குப்பைப் பதிவுகளும் ‘நான் புதிதாக எழுதிவிட்டேன்’ என்று நொடிக்கு நொடி கத்தின. உடனே வந்து எடுத்துக்கொள்ளும் அதே குணம்தான் அவற்றுக்குக் கதவு திறந்தது. ட்விட்டரும் ஃபேஸ்புக்கும் வந்தபின் பேச்சே அங்கே இடம் மாறியது. பொதுத் தேடுபொறிகளும் நிமிடக் கணக்கில் புதுப்பிக்கக் கற்றுக்கொண்டன. பதிவுகளின் புதிய இடுகைகளை ஓரிடத்தில் திரட்டிக் காட்டிய கூகுள் ரீடர் 2013-இல் மூடப்பட்டது; 2014-இல் டெக்னோரட்டி பதிவுகளைத் தேடுவதை விட்டுவிட்டு விளம்பரத் தொழிலுக்குப் போனது.

வேகம் பொதுத் தேடலுக்கு வந்துவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். யார் யாருக்குப் பதில் சொன்னார் என்ற அந்த நூல் வந்ததா? ஒரு வேலை தருகிறேன். நீங்கள் எழுதிய ஒன்றுக்கு யாரோ போன வாரம் தன் பதிவில் மறுப்பு எழுதியிருக்கிறார். உங்கள் பெயரையும் தலைப்பையும் சொல்லாமல் வெறும் சுட்டி மட்டும் கொடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கூகுளில் அதைத் தேடிப் பாருங்கள். கிடைத்தால் எழுதுங்கள், அடுத்த இதழில் என் பதிலைத் திருத்திக்கொள்கிறேன்.