ஏஜென்ட் ஆகலாம், ஆள் சேர்க்க வேண்டாம்

கடிதம்

வணக்கம் ஐயா. எனக்கு 31 வயது. கொருக்குப்பேட்டையில் இருக்கிறேன். எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலை பார்த்தேன். இரண்டாவது குழந்தைக்குப் பிறகு போகவில்லை. கணவர் துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். எங்கள் தெருவில் ஒரு அக்கா இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். என்னையும் சேரச் சொல்கிறார். "முதல் வருஷம் 35 பர்சன்ட் கமிஷன். அப்புறம் ஆறு பேரைச் சேர்த்துவிட்டால் அவங்க போடுற பாலிசியிலும் உனக்கு வரும், நீ அலையவே வேண்டாம்" என்கிறார். அதற்கு முன்னால் என் பெயரிலும் அம்மா பெயரிலும் ஆளுக்கொரு பாலிசி போட வேண்டுமாம். காசிமேட்டில் எங்களுக்குச் சொந்தக்காரர்கள் நிறைய. சேரலாமா?

க., கொருக்குப்பேட்டை

பதில்

அன்புள்ள க.,

சேரலாம். ஆறு பேரைச் சேர்க்கும் பேச்சை மட்டும் மூன்று வருஷத்துக்குக் காதில் வாங்காதீர்கள். இன்ஷூரன்ஸ் கிளை அலுவலகத்தில் வேலை பார்த்தவன் என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன்.

முதலில் அந்த 35. அது பழைய கணக்கு. எல்.ஐ.சி. 2024 அக்டோபரில் முதல் வருஷக் கமிஷனை 35 சதவீதத்திலிருந்து 28 ஆகக் குறைத்தது. இரண்டாம் வருஷத்துக்கு மேல் வரும் புதுப்பிப்புக் கமிஷனை 5-லிருந்து 7.5 ஆக ஏற்றியது. ஏஜென்ட்டுகள் எதிர்த்துப் போராடினார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு, ஏனென்றால் புதிதாக வருகிறவர் கைக்கு வரும் முதல் காசு குறைகிறது. இந்த விகிதமும் எல்லாப் பாலிசிக்கும் ஒன்றல்ல. கட்டும் காலம் குறைந்தால் கமிஷனும் குறையும், ஒரே தடவையில் மொத்தமாகக் கட்டும் சிங்கிள் பிரீமியத்துக்கு மிகக் குறைவு. தனியார் கம்பெனிகளில் இன்னொரு மாதிரி. 2023 ஏப்ரலிலிருந்து பாலிசிவாரியான கமிஷன் வரம்பை இன்ஷூரன்ஸ் துறையைக் கண்காணிக்கும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. எடுத்துவிட்டு, கம்பெனியின் மொத்தச் செலவுக்கு மட்டும் வரம்பு வைத்திருக்கிறது. அதனால் எந்தக் கம்பெனியில் சேர்ந்தாலும் அதன் கமிஷன் அட்டவணையைக் கையில் வாங்கிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

நீங்கள் பில் போட்டவர், ஒரு கணக்குப் பார்ப்போம். வருஷத்துக்கு 24,000 ரூபாய் பிரீமியம் கட்டும் ஒரு கேஸ், அதாவது ஒரு பாலிசி. 28 சதவீதம் என்றால் முதல் வருஷம் 6,720 ரூபாய். அடுத்த வருஷத்திலிருந்து 7.5 சதவீதம், 1,800 ரூபாய். மாதம் இப்படி ஒரு கேஸ் பிடித்தால் வருஷத்துக்குப் புதுக் கமிஷன் 80,640. ஐந்தாம் வருஷம் என்ன ஆகும்? முந்தைய நாலு வருஷத்து 48 பாலிசியும் உயிரோடு இருந்தால் புதுப்பிப்பு மட்டுமே 86,400. புதுக் கேஸ் கமிஷனை அது தாண்டிவிடும். பாதி லேப்ஸ் ஆகிவிட்டால், அதாவது பிரீமியம் கட்டாமல் நின்றுபோனால், 43,200தான். இந்தத் தொழிலின் சம்பளம் அந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருக்கிறது. முதல் வருஷக் காசு அலைச்சலுக்கும் போனுக்கும் போய்விடும். டியூ (தவணை) விடாமல் கட்டும் பார்ட்டிதான் உங்கள் வீட்டை நடத்துவார்.

காசிமேட்டுச் சொந்தம் உங்களுக்குப் பெரிய பலம். ஆனால் அங்கே எப்படிக் கேஸ் எழுதுவது என்று தெரிய வேண்டும். அங்கே ஏஜென்ட்டாக இருக்கும் ஒரு பெரியவரைப் பார்த்திருக்கிறேன். விடியற்காலை மீன் ஏலம் முடியும் நேரத்துக்கு டீக்கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிடுவார். மடியில் நீளமான கணக்கு நோட்டு, மேலே பிளாஸ்டிக் உறை. ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் விசைப்படகா ஃபைபர் படகா, வீட்டுக்காரம்மா மீன் விற்கப் போகிறாரா, எந்த மாசம் வீட்டில் காசு இருக்கும் என்று எழுதியிருப்பார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. டியூ தேதி தாண்டியும் கட்ட விடும் சலுகைக் காலம் மாதத் தவணைக்கு 15 நாள்தான். அப்புறம் மே மாசத்தில் லேப்ஸ் ஆகாமல் என்ன செய்யும்? அதனால் விசைப்படகுக்காரருக்கு அவர் மாதத் தவணையே எழுத மாட்டார். ஆகஸ்டில் கேஸை எழுதி அரையாண்டுத் தவணை வைப்பார். டியூ ஆகஸ்டிலும் பிப்ரவரியிலும் வரும், இரண்டும் படகு ஓடும் மாசங்கள், சலுகைக் காலமும் 30 நாள். மொத்தமாகப் புரட்ட முடியாத வீடு என்றால் பிரீமியத்தையே குறைத்துவிடுவார், கமிஷன் போனால் போகட்டும் என்று. கையில் வாங்கிய பணத்தை அன்றைக்கே கட்டி ரசீதைக் கொடுத்துவிடுவார்.

லேப்ஸ் ஆன பாலிசியை வைத்திருக்கும் வீட்டில் கடலில் ஏதாவது நடந்தால் க்ளெய்ம் வராது. நீங்கள் விற்பது அந்த ஒரு நாளுக்காகத்தான்.

இனி டீம். ஆள் சேர்ப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. எல்.ஐ.சி.யில் டி.ஓ. என்கிற வளர்ச்சி அதிகாரியின் வேலையே ஏஜென்ட் சேர்த்துப் பழக்குவதுதான். அவருக்குச் சம்பளமும் ஊக்கத்தொகையும் நிறுவனம் கொடுக்கிறது, உங்கள் கமிஷனில் கை வைப்பதில்லை. அனுபவமுள்ள ஏஜென்ட்டுகள் தங்களுக்குக் கீழே ஆள் வைத்துப் பயிற்சி கொடுக்கவும் அங்கே முறையான திட்டம் இருக்கிறது. தனியார் கம்பெனிகளிலும் அதுபோல் உண்டு. ஆகவே அக்காவிடம் கேட்க வேண்டியது இதுதான்: ஆறு பேர் போடும் பாலிசிக்கு எனக்கு வரும் காசை யார் கொடுப்பார்கள், கம்பெனி தன் காகிதத்தில் எழுதித் தருமா? கூடவே இன்னொன்றும் கேளுங்கள், எனக்கு ஏஜென்ட் கோடு என்கிற எண் வருவதற்கு முன்னால் நான் கொண்டுவரும் கேஸ் யார் கோடில் ஏறும்? தேர்வு எழுதுவதற்குள் சொந்தக்காரர் கேஸையெல்லாம் வாங்கித் தன் கோடில் போட்டுக்கொள்கிறவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். புதிய ஏஜென்ட்டிடம் இருக்கும் நல்ல கேஸ்கள் அந்த முதல் நாலைந்துதான். அவை போய்விட்டால் சேர்ந்த பெண் மூன்றாம் மாசம் வீட்டில் உட்கார்ந்துவிடுவார்.

நீங்கள் சேர்க்கப்போகும் ஆறு பேர் யார் என்று யோசியுங்கள். அதே தெரு, அதே சொந்தம். ஆளுக்கு மூன்று பாலிசி வீட்டாருக்குப் போடுவார்கள், அப்புறம் நிறுத்திவிடுவார்கள். அந்தப் பாலிசிகளுக்கு டியூ சொல்ல ஆள் இருக்காது. நாமினி பெயர் ஆதாரோடு ஒத்துப்போகாமல் க்ளெய்ம் நின்றால், ரேஷன் கடை வரிசையில் உங்களைத்தான் பிடிப்பார்கள். தான் ஒரு க்ளெய்ம் படிவம்கூட நிரப்பிப் பார்க்காதவர் மற்றவர்களுக்கு என்ன சொல்லிக் கொடுக்க முடியும்?

சட்டத்திலும் இதற்கு எல்லை உண்டு. இன்ஷூரன்ஸ் சட்டத்தில் 2015-ல் செய்த திருத்தம், ஆளுக்குக் கீழே ஆள் சேர்க்கும் மல்டி லெவல் முறையில் பாலிசி எடுக்கத் தூண்டுவதைத் தடுக்கிறது. "முதல் பிரீமியத்தில் பாதி நான் போட்டுக்கொள்கிறேன்" என்று கமிஷனை விட்டுக்கொடுப்பதும் 41-ஆம் பிரிவில் குற்றம், அபராதம் 10 லட்சம் வரை போகலாம். தெருவில் எல்லாரும் செய்கிறார்கள் என்று அக்கா சொன்னாலும் நீங்கள் செய்யாதீர்கள். ஒருமுறை விட்டுக்கொடுத்தால் அந்தப் பார்ட்டி ஒவ்வொரு கேஸுக்கும் கேட்பார்.

அம்மா பெயரில் பாலிசி வேண்டாம். ஏஜென்ட் ஆவதற்கு அது நிபந்தனையே கிடையாது. உங்கள் வீட்டில் சம்பாதிப்பவர் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். அவர் பெயரில் ஒரு டேர்ம் பாலிசி, அதாவது காலத்துக்குள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தருவது, இருக்கிறதா? இல்லையென்றால் முதலில் அது. அதில் பிரீமியம் குறைவு, கமிஷனும் குறைவு, அதனால்தான் அக்கா அதைப் பற்றிப் பேசியிருக்க மாட்டார். ஏற்கெனவே ஏதாவது பாலிசியில் கையெழுத்துப் போட்டிருந்தால், ஆவணம் கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம். சிறு பிடித்தம் போகப் பணம் வந்துவிடும்.

சேர்வது சிரமமில்லை. பத்தாவது பாஸ் போதும். பயிற்சி முடித்து ஐ.சி. 38 தேர்வு எழுத வேண்டும், 50 கேள்வி, 35 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி, தமிழிலேயே எழுதலாம். பான் கார்டை முதலிலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அக்கா வழியாகப் போகாமல் பக்கத்துக் கிளை அலுவலகத்துக்கு நேரே போய், புதிய ஏஜென்ட் சேர்க்கும் அதிகாரி யார் என்று கேளுங்கள். கமிஷன் அட்டவணை புரியவில்லையென்றால் அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்.